வேலை வாங்கும் நஞ்சு

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் மாவட்டத்தில் பொது சுகாதார அவசரநிலை என்று புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை அறிவித்தது. கொரோனா ஒருவழியாக ஓய்ந்து ஊர் மூச்சுவிட ஆரம்பித்திருந்த நேரம். இந்த முறை வந்தது புதிய நோயல்ல, காலரா. வாந்தி பேதியோடு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். சிலரது மாதிரிகளில் காலராக் கிருமி உறுதியானது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். ஓட்டல்களில் கொதிக்கவைத்த தண்ணீர்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சுற்றிலும் தமிழ்நாடு என்பதால் நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களும் உஷாராயின. ஆனிப் பௌர்ணமிக்குப் பத்தே நாள் இருந்தது. மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் தெருக்கள் நிரம்பி வழியும் சமயம்.

இணைநோய் உள்ள இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. இரண்டும் உயிர்தான். ஆனால் சிகிச்சை இல்லாவிட்டால் கடும் காலரா வந்தவர்களில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே காவிரி டெல்டாவில் பேதி பரவினால் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் கிருமி சாதுவாகிவிடவில்லை. அது விடும் நஞ்சும் ஏறக்குறைய அதேதான். அந்த நஞ்சு உடம்பில் என்ன செய்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும், அதற்கான மருந்து அடுக்களையிலேயே இருந்தது.

வயிற்றுக் கிருமி என்றதும் அது குடலை அரித்துப் புண்ணாக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படிச் செய்யும் கிருமியும் உண்டு. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி அந்த ரகம். அது சுரக்கும் வாக்ஏ என்ற நஞ்சு, செல்லின் மேல்தோலில் துளை போட்டு உள்ளே கொப்புளம் கொப்புளமாக வெற்றறைகளை உண்டாக்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கும். சில வகைகள் ஊசி போன்ற ஓர் உறுப்பை இரைப்பைச் செல்லில் குத்தி, காக்ஏ என்ற புரதத்தையும் உள்ளே செலுத்திவிடும். அல்சரில் தொடங்கி, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இரைப்பைப் புற்றுநோய் வரை போகும் பாதை இது. கிருமியைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது.

காலரா நேர்மாறு. காலராவில் இறந்தவரின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தால் சுவர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். புண் கிடையாது. மலத்தில் ரத்தமும் சீழும் இல்லை, காய்ச்சல்கூடப் பெரும்பாலும் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒன்று போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். குடல் உடையவில்லையென்றால் அத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எழுபத்தைந்து ஆண்டுகள் மருத்துவ உலகத்தைத் திணறடித்த கேள்வி இது.

கிருமி வயிற்றுக்குள் நுழையும் இடத்திலிருந்து போவோம். விப்ரியோ காலரே என்ற இந்தக் கிருமிக்கு அமிலம் ஆகாது. அசுத்தமான தண்ணீரோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பங்கு இரைப்பை அமிலத்திலேயே செத்துவிடும். 1970-களில் அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்குக் கிருமியைக் குடிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். வெறுமனே கொடுத்தபோது கோடிக்கணக்கில் விழுங்கியும் பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அமிலத்தை முறிக்கச் சோடா உப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது பத்து லட்சமே பெரும்பாலோரைப் படுக்க வைத்தது. காலையில் வெறும் வயிற்றில் ‘கேஸ் மாத்திரை’ போடுவதைப் பல் துலக்குவதுபோலப் பழக்கமாக்கிக்கொண்ட நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய தகவல். நாள்பட்ட பைலோரி தொற்றும் சிலருக்கு அமிலச் சுரப்பைக் குறைத்துவிடும். அப்போது ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலுக்கு வந்ததும் விப்ரியோவின் போக்கு மாறுகிறது. அங்குள்ள பித்தநீர், பைகார்பனேட் போன்றவற்றைக் கொண்டு தான் எங்கே இருக்கிறோம் என்று அது அறிந்துகொள்கிறது. அதுவரை முடங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. மெல்லிய இழைகளை நீட்டிக் குடல் பரப்பில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. கடைசிவரை அது செல்லுக்குள் போவதில்லை. உள்ளே போவது நஞ்சு மட்டும்தான்.

அந்த நஞ்சில் ஆறு துண்டுகள். ‘பி’ எனப்படும் ஐந்து ஒரேமாதிரித் துண்டுகள் வளையமாகச் சேர்ந்திருக்க, நடுவில் ‘ஏ’ என்ற ஒற்றைத் துண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். குடல் செல்லின் மேற்புறத்தில் ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பு உண்டு. நம் செல் தன் தேவைக்காக வைத்திருப்பது அது. பி வளையம் அதைப் பற்றிக்கொள்ள, செல் தன் மேல்தோலை உள்மடித்து நஞ்சை விழுங்கிவிடுகிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். செல் உள்ளே இழுத்ததில் பெரும்பங்கு செரிமானப் பைகளுக்குப் போய் அழிந்துவிடும். இந்த நஞ்சோ எதிர்த்திசையில் பயணம் செய்து, செல் தன் புரதங்களை உற்பத்தி செய்யும் எண்டோபிளாச வலைவரை போய்ச் சேருகிறது. அந்த இடத்தில் ஒரு தரக்கட்டுப்பாடு உண்டு. சரியாக மடியாத புரதம் கண்ணில் பட்டால் அதை நீட்டி, வெளியே தள்ளி, அழிவுக்கு அனுப்பிவிடுவார்கள் செல்லின் காவலர்கள். ஏ துண்டின் செயல்படும் பகுதி கழன்று, தானும் ஒரு குறைப் புரதம் என்ற பாவனையில் நிற்கிறது. காவல் அதை உள்செல் நீருக்குள் தள்ளிவிடுகிறது. அழிவுக்கான முத்திரையைக் குத்த லைசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். ஏ துண்டில் லைசின் மிகக் குறைவு. அதனால்தான் அது தப்பிக்கிறது என்று கருதுகிறார்கள். குப்பையென்று தூக்கி எறியப்பட்டது வெளியே வந்து மறுபடி மடிந்து வேலைக்குத் தயாராகிவிடுகிறது.

வேலை ஒன்றே ஒன்று. செல்லுக்குள் ஜிஎஸ் என்றொரு புரதம் உண்டு. ஹார்மோன் போன்ற வெளிக்கட்டளை வந்தால் அது இயங்கும். சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். அது இயங்கும்போது அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறைத் தயாரிக்கும். நஞ்சு அந்த ஜிஎஸ் புரதத்தில் ஏடிபி-ரைபோஸ் என்ற சிறு துண்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டிய பிறகு ஜிஎஸ் அணைய முடியாது. மாடித் தொட்டி நிரம்பியும் சுவிட்ச் சிக்கிக்கொண்டு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் பழுதில்லை, குழாய் பழுதில்லை, நிறுத்தும் வசதி மட்டும் போய்விட்டது. சைக்ளிக் ஏஎம்பி பெருகப் பெருக, சிஎஃப்டிஆர் என்ற வாயில் திறந்தே கிடக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியத்தை உள்ளே எடுக்கும் வழக்கமான ஒரு வாயிலும் அடைபடுகிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும்.

சாதாரண நாளிலேயே நம் குடலுக்குள் சுமார் ஒன்பது லிட்டர் நீர் வந்துபோகிறது. நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்த்து. அவ்வளவையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு நூறு, இருநூறு மில்லியை மட்டுமே குடல் வெளியே விடுகிறது. சுரப்பதும் உறிஞ்சுவதும் அதன் அன்றாட உத்தியோகம். காலரா நஞ்சு அந்த உத்தியோகத்தில் ஒரு பாதியை நிறுத்தமில்லாமல் வாங்குகிறது, அவ்வளவே. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். கண் குழிவிழும், குரல் கம்மும், கையைக் கிள்ளினால் தோல் மடிந்தபடியே நிற்கும், விரல்நுனிகள் வெகுநேரம் துணி துவைத்த கைபோலச் சுருங்கும். காலையில் கடைக்குப் போய்வந்தவர் இரவைத் தாண்டாமல் போவது இதனால்தான். டாக்காவின் காலரா மருத்துவமனையில் நடுவில் ஓட்டை போட்ட கட்டில்கள் உண்டு. கீழே அளவுக்கோடு போட்ட வாளி. எவ்வளவு போயிற்றோ அவ்வளவை உள்ளே ஏற்றுகிறார்கள்.

அந்தச் செல் இருக்கும்வரை சிக்கிய சுவிட்ச் சரியாகாது. நல்லவேளையாகக் குடலின் மேல்வரிசைச் செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அந்த நாலைந்து நாளைத் தண்ணீர் வற்றாமல் கடத்திவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார்.

குடலில் தண்ணீரைக் கொட்டவைப்பது கிருமி விடும் நஞ்சுதான் என்று ஆய்வுக்கூடத்தில் முதலில் நிரூபித்துக் காட்டியவர் ஒரு வங்காளி. ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் கிருமியை உறுதிசெய்தபோதே அது ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என்று ஊகித்தார். 1888-ல் பாரிசில் ரூவும் யெர்சினும் தொண்டை அடைப்பான் கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய திரவமே விலங்கைக் கொல்லும் என்று காட்டினார்கள். காலராவிலும் இதே வழியைப் பலர் முயன்றார்கள். விலங்கின் ரத்தத்தில் ஏற்றினார்கள், வயிற்றறையில் ஊசி போட்டார்கள். விலங்குகள் செத்தன, ஆனால் பேதி வரவில்லை. செத்த கிருமியின் உடல் சிதைந்து வரும் விஷம்தான் காரணம் என்று முடிவு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த வங்காளி, சம்பு நாத் டே, கேட்டது எளிய கேள்வி. நோய் குடலில்தானே, கிருமியையும் குடலில்தானே வைத்துப் பார்க்க வேண்டும்? முயலின் சிறுகுடலில் ஒரு சிறு நீளத்தை இரு முனையிலும் பட்டு நூலால் கட்டி, அந்த மூடிய துண்டுக்குள் கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தால் துண்டு நீர் கோத்து வீங்கி நின்றது. கட்டாத பகுதியில் எந்த மாற்றமும் இல்லை. இது 1953. பிறகு கிருமியையே வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் துண்டு வீங்கியது. கிருமி தேவையே இல்லை, அது விட்டுச்சென்றது போதும். 1959 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் சின்னக் கட்டுரையாக இது வந்தது. பம்பாயில் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அதே ஆண்டில் முயல் குட்டிகளைக் கொண்டு இதையொட்டிய முடிவுக்கு வந்தார்.

மருத்துவக் கல்லூரி ஒன்றின் நோய்க்குறியியல் துறையில், பெரிய கருவி எதுவும் இல்லாமல் நடந்த ஆய்வு இது. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1985-ல் அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து, ‘கரன்ட் சயின்ஸ்’ அவருக்கென ஒரு சிறப்பிதழ் போட்டது. நம்மவர்கள் தாமதமாகவாவது செய்தார்களே என்று ஆறுதல்பட மனம் வரவில்லை.

டே காட்டியதன் மறுபக்கம் மருந்து. நஞ்சு குடலைச் சிதைக்கவில்லை என்றால், உறிஞ்சும் வேறு வாயில்கள் கெடாமல் இருக்க வேண்டும் அல்லவா? இருக்கின்றன. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் ஒரு வாயில் குடல் செல்லில் உண்டு. 1960-ல் ராபர்ட் கிரேன் அதை முன்வைத்தார். நஞ்சு அதைத் தொடுவதே இல்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்காது, வெறும் உப்புத் தண்ணீரும் பயன்படாது. உப்போடு சர்க்கரை சரியான அளவில் சேர்ந்தால் அந்த வாயில் வழியே இரண்டும் உள்ளே போகும், தண்ணீர் பின்னாலேயே போகும். பேதி உடனே நிற்காது. ஆனால் போவதைவிட உள்ளே வருவது அதிகமாகிவிடும்.

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா. ஊசி வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் கல்கத்தாவில் பொட்டலம் கட்ட வைத்தார்: லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. டிரம்மில் கலக்கி, நோயாளியின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் இறந்த முகாமில் இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. காரைக்காலில் காலரா வந்த அதே 2022-ல், அக்டோபரில் அவர் காலமானார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. டேயைவிட இவர் பரவாயில்லை, மூன்று மாதம்தான் தாமதம்.

நஞ்சின் வேலை தெரிந்தால் மருந்துக்கடையில் நின்று ‘வயித்தக் கட்ற மாத்திர’ கேட்க மாட்டோம். அந்த மாத்திரை குடலின் அசைவை நிறுத்தும், சுரப்பை நிறுத்தாது. நீர் வெளியே போகாமல் குடலுக்குள்ளேயே தேங்கும். பேதி நின்றதாகத் தோன்றும், உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். ‘சோறு தண்ணி குடுக்காதே, வயிறு காயட்டும்’ என்பதும் இதே தவறு. அரிசியை அடிப்படையாகக் கொண்ட உப்புக்கரைசல் காலராவில் நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் மாவுச்சத்து மெதுவாக உடைந்து குளுக்கோஸைச் சிறிது சிறிதாகத் தருகிறது. அதற்காக அளவில்லாமல் இனிப்பைக் கொட்டவும் கூடாது. மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் அடர்த்தியை 311-லிருந்து 245 மில்லிஆஸ்மோலாகக் குறைத்ததும் இதனால்தான். அட்டைப்பெட்டியில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெரிதாகப் போட்டு இனிப்புப் பானத்தை விற்றதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

மருந்து ஒருபுறம். காரைக்காலில் குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததாக அப்போது பேசப்பட்டது. உடைப்புகளை அவசரமாக அடைத்தார்கள். இந்தக் கலப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வரும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். கசிந்தால் உள்ளிருந்து வெளியே கசியும். நின்றதும் குழாய் வெற்றாகும். அதே விரிசல் வழியாக வெளியிலுள்ள சாக்கடை ஈரம் உள்ளே வரும். யாராவது இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் கேட்கவே வேண்டாம். மறுநாள் முதலில் வரும் தண்ணீரை அவசரத்தில் குடத்தில் பிடிக்கிறவருக்கு அது போய்ச் சேருகிறது. நோயாளியின் மலத்தோடு புதிதாக வெளியேறிய விப்ரியோ சில மணி நேரத்துக்குச் சாதாரண விப்ரியோவைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு தெருவில் தொடங்கினால் அடுத்த தெரு தப்பாததற்கு இது ஒரு காரணம். தடுப்பு, குழாயின் கடைசி வீட்டிலும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருப்பதுதான். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டியதைப் படம் எடுத்துப் போடுவார்கள். கடைசி வீட்டுக் குழாயில் சோதிப்பதை எடுத்துப் போட்டுப் பார்த்ததில்லை.

டெல்டாவில் விப்ரியோவை ஒழிக்க முடியுமா என்றால், முடியாது. அதன் சொந்த வீடு மனிதக் குடல் அல்ல, ஆறு கடலோடு கலக்கும் உப்பங்கழி. அரசலாறு கடலில் சேரும் இடம் போன்ற நீர்ப்பரப்புகளில் மிதக்கும் கோபிபாட் என்ற நுண்ணிய உயிரினங்களின் ஓட்டில் அது ஒட்டி வாழும். நண்டும் இறாலும் கொண்டிருக்கும் அதே கைட்டின்தான் அந்த ஓடும். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையை நாலாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னபோது காலரா ஏறக்குறைய பாதி குறைந்தது. சேலையில் தங்கியது கிருமியல்ல, அது ஒட்டியிருந்த கோபிபாட்.

அப்படியானால் கழிமுகத்தில் குளிக்கிற எல்லோருக்கும் காலரா வர வேண்டுமே? வராததற்குக் காரணம், நீரில் வாழும் விப்ரியோக்களில் பெரும்பாலானவற்றிடம் நஞ்சே இல்லை. நஞ்சுக்கான மரபணு கிருமியின் பரம்பரைச் சொத்தல்ல. கிருமியைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைச் சுமந்து திரிகிறது. 1996-ல் வால்டரும் மெகலனோசும் இதைக் காட்டினார்கள். குடலில் ஒட்டிக்கொள்ள விப்ரியோ நீட்டும் அதே இழையைப் பிடித்துக்கொண்டு அந்த வைரஸ் உள்ளே நுழைகிறது. நோயாக்கும் ஆயுதம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறலாம் என்று பொருள். மேலுறையும் மாறும். 1992 அக்டோபரில் சென்னையில் காலரா வந்தவர்களிடம் எடுத்த கிருமி, அதுவரை தெரிந்த ஓ1 வகை எதிர்ப்பொருளுக்கு மசியவில்லை. ஓ139 என்று பெயரிட்டார்கள். ஓ1-ன் எல் டோர் என்ற பழைய ரகக் கிருமிதான். சட்டை மட்டும் புதிது. ஓ1-க்கு எதிராக ஊர் சேர்த்துவைத்த நோய் எதிர்ப்பு அதனிடம் செல்லவில்லை. ஆகவே குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் படுத்தார்கள். சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று வங்கக்கடல் ஓரம் முழுக்கப் பரவி, பிறகு அடங்கியது.

ஆகவே காரைக்கால் கடற்கரை நீரை எடுத்து ‘விப்ரியோ இருக்கிறதா’ என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வகம் பிசிஆரில் தேடுவது சிடிஎக்ஸ்ஏ என்ற மரபணுவை. ஏ துண்டை உண்டாக்கும் குறிப்பு அதில்தான் இருக்கிறது.